கண் மஞ்சளாகும் வரை காத்திருக்க வேண்டாம்: கல்லீரல் நோய் எங்கெங்கே தலைகாட்டும்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 55. பத்து வருடமாகச் சர்க்கரை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 36, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 1,32,000. குடிப்பழக்கம் கிடையாது. கண் மஞ்சளாகவில்லை, வலியும் இல்லை. கல்லீரல் கெட ஆரம்பித்தால் என்ன அறிகுறிகள் தெரியும்? எதைப் பார்த்ததும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் எண்களே அறிகுறிதான். வேறொன்று வரட்டும் என்று காத்திருக்காமல், இந்த வாரமோ அடுத்த வாரமோ ஜீரண மண்டல மருத்துவர் ஒருவரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மஞ்சளும் வயிற்று வீக்கமும் வந்த பிறகு செய்யக்கூடியது வெகுவாகக் குறைந்துவிடும்.

கல்லீரலுக்குள்ளே வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில்தான் உண்டு. கல்லீரல் சட்டென்று வீங்கி அந்த உறை இழுபட்டால் வலது விலாவுக்குக் கீழே பாரமோ வலியோ தெரியும். பத்து, பதினைந்து வருடங்களில் மெல்ல மெல்லத் தழும்பேறிச் சுருங்கும் கல்லீரல் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. தவிர, இந்த உறுப்புக்கு உபரித் திறன் அதிகம். மாற்று அறுவைக்காக வலது பக்கத்தை, கிட்டத்தட்ட 60 சதவீதத்தை, தானமாகக் கொடுத்தவர்கள்கூட மிச்சத்தை வைத்து நன்றாக வாழ்கிறார்கள். ஆகவே பெரும்பகுதி பாழாகும் வரை வேலை எதுவும் நிற்காது, வெளியே எதுவும் தெரியாது.

எஸ்ஜிபிடி 36 என்பதால் நார்மல் என்று நினைத்திருப்பீர்கள். செல்கள் அடிபடும்போது ரத்தத்தில் கசியும் நொதி அது. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு தழும்பாகிவிட்டது என்பதை அது காட்டாது. முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) இருப்பவருக்கும் எஸ்ஜிபிடி 30இல் நிற்கலாம், கசிவதற்கே செல்கள் குறைந்திருக்கும். கிரேடு 1, 2, 3 என்று ஸ்கேனில் போடுவதும் கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது, தழும்பின் அளவை அல்ல. கிரேடு 1 என்றால் ஆரம்பக் கட்டம் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. தழும்பு முற்ற முற்றக் கொழுப்பு குறைவதும் உண்டு.

தழும்பை ஊகிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. செலவில்லாதது, வீட்டிலேயே போடலாம். வயதை எஸ்ஜிஓடியால் (அதுவும் அப்படிக் கசியும் நொதிதான்) பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. உங்கள் அப்பாவுக்கு: 55 × 48 = 2640. 36இன் வர்க்கமூலம் 6, எனவே 132 × 6 = 792. வகுத்தால் 3.33. விடை 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேலே போனால் இருக்கிறது என்று சந்தேகித்து அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். இடைப்பட்டவர்களுக்கும் ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன், தேவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்வரம்பு 2.0. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரிவராது.

இதில் பிளேட்லெட்தான் கவனிக்க வேண்டியது. அப்பாவின் பிளேட்லெட் 2,64,000 ஆக இருந்திருந்தால் அதே கணக்கு 1.67 என்று வந்திருக்கும். கல்லீரல் இறுகும்போது குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் நுழைய முடியாமல் பின்னால் தேங்குகிறது, மண்ணீரல் வீங்குகிறது, பிளேட்லெட்டுகள் அங்கே மாட்டிக்கொள்கின்றன. பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் பொருளைச் சுரப்பதும் பெரும்பாலும் கல்லீரல்தான், அதுவும் குறைகிறது. ஆகையால் காரணமில்லாமல் 1,50,000க்குக் கீழேயே நிற்கும் பிளேட்லெட், கல்லீரல் நோயின் ஆரம்பத் தடயங்களில் ஒன்று. டெங்கு மாதிரி காய்ச்சல் சமயத்தில் எடுத்த எண்ணாக இருந்தால் ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். குழாயில் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு இயந்திரம் குறைத்துக் காட்டுவதும் நடக்கும். கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் எண்ணச் சொன்னால் தெளிவாகிவிடும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடியெடுத்து வரிசையாக அடுக்குங்கள். ஐந்து வருடத்தில் 2,40,000, 1,90,000, 1,32,000 என்று இறங்கியிருந்தால் அதைவிடத் தெளிவான செய்தி வேண்டாம்.

ஃபைப்ரோஸ்கேனுக்கு 3 மணி நேரம் வெறும் வயிறு அவசியம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எண் ஏறிவிடும். 10 அளவுகள் எடுத்து நடு எண்ணைக் கிலோபாஸ்கலில் தருவார்கள். 8க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 12க்கு மேல் சந்தேகம் வலுக்கும், 15க்கு மேல் இன்னும் வலுக்கும். ரிப்போர்ட்டில் ஐக்யூஆர் என்ற இடத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்தால் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்று பொருள், திரும்ப எடுக்கக் கேளுங்கள். கூடவே ஆல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு), ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஆகியவற்றையும் பாருங்கள். சர்க்கரை இருப்பதால் எல்லாம் கொழுப்புதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஹெபடைடிஸ் சி என்றால் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் கிருமியே ஒழிந்துவிடுகிறது. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இனி, வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படக்கூடியவை. உங்கள் அப்பாவுக்கு மட்டுமல்ல, யாருக்கும் பொருந்தும்.

முதலில் வருபவை எல்லாம் அற்பமாகத் தோன்றும். காலையிலேயே அசதி, பசி மந்தம், ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், எங்கே இடித்தது என்றே தெரியாத நீலக் கன்றல். தனித்தனியே பார்த்தால் இவற்றுக்கு நூறு காரணங்கள் உண்டு, சேர்ந்து வரும்போதுதான் அர்த்தம். இன்னொன்றைப் பலர் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள்: வருடக்கணக்காகப் பிரஷர் மாத்திரை போட்டவருக்கு, எடையோ உணவோ மாறாமலேயே, பிரஷர் தானாக இறங்கி மாத்திரை தேவையில்லாமல் போவது. சிரோசிஸ் முற்றும்போது ரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழும். சர்க்கரையும் சிலருக்கு அப்படி இறங்கும். சந்தோஷப்படுவதற்கு முன் ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தோலில் பார்க்க வேண்டிய இடம் கழுத்து, மேல்மார்பு, தோள். நடுவில் சிவந்த புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி மெல்லிய கோடுகள். நடுப்புள்ளியைப் பேனா முனையால் மெதுவாக அழுத்தினால் கோடுகள் வெளுத்துப் போகும், எடுத்ததும் நடுவிலிருந்து வெளியே நிரம்பும். கர்ப்பிணிகளுக்கு இது சகஜம். நடுத்தர வயது ஆணுக்கு நாலைந்து இருந்தால் விசாரிக்க வேண்டியது. மாநிறத்துக்கு மேல் கறுத்த தோலில் இது எளிதில் தெரியாது, அதனால் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆண்களுக்கு மார்பு பெண்களைப் போல் பருத்து வலிப்பது, கன்னப்பொறியும் கையும் மெலிந்து வயிறு மட்டும் பெருப்பது ஆகியவையும் இதே கணக்கில் சேரும். பின்கழுத்தில் கறுப்பாக வெல்வெட் போலத் தடிக்கும் தோல் வேறு வகை. அது கல்லீரல் கெட்டதன் அடையாளம் அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். கொழுப்புக் கல்லீரலுக்கான மண் அது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் அப்படியே.

வயிற்றில் நீர் கோப்பதை, பெரியவர்கள் மகோதரம் என்பார்களே, அதை வயிறு பெருத்த பிறகு கண்டுபிடிப்பது தாமதம். கையால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சேர்ந்திருக்க வேண்டும், ஸ்கேனுக்கு 100 மில்லி போதும். வீட்டில் இருக்கும் நல்ல கருவி எடை மெஷின்தான். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். பசியே இல்லாதவருக்கு ஒரு வாரத்தில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். படுக்கும்போது வயிறு பக்கவாட்டில் சரிவது, தொப்புள் வெளியே பிதுங்குவது, வேட்டியும் பேன்ட்டும் இறுகுவது எல்லாம் பின்னால் வரும். கால் வீக்கத்துக்கு, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்துங்கள். எடுத்த பிறகும் குழி நின்றால் நீர். இதயமும் சிறுநீரகமும் கெட்டாலும் காலில் நீர் இறங்கும், வேறுபடுத்துவது மருத்துவர் வேலை.

நீர் கோத்துவிட்டால் உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது மொத்தமாக ஒரு தட்டையான டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாமே இந்தக் கணக்குக்குள். தண்ணீரைக் குறைக்க மருத்துவர் சொன்னால் மட்டும் குறையுங்கள்.

மூளையைத் தொடும் அறிகுறியை வீட்டார்தான் முதலில் பார்க்கிறார்கள், நோயாளிக்குத் தெரியாது. பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பதில் ஆரம்பிக்கும். அப்புறம் எரிச்சல், கேட்டதையே கேட்பது, பாக்கிச் சில்லறை எண்ணுவதில் தடுமாற்றம், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போடுவது. சிரோசிஸ் இருப்பவர் வீட்டில் ஒரு நோட்டு வைத்து, தினமும் காலையில் தேதியையும் பெயரையும் ஒரே வாக்கியத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத்து சாயத் தொடங்கும் நாள் பக்கத்திலேயே தெரியும். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்பதும் நல்ல சோதனை, 10க்குக் கீழே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரு கைகளையும் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது மாதிரி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால், கை திடீர் திடீரென்று விழுந்து விழுந்து எழும்.

இந்த மூளைத் தடுமாற்றம் பெரும்பாலும் ஏதோ ஒன்று தூண்டித்தான் வரும்: மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, உள்ளே ரத்தக் கசிவு, தூக்க மாத்திரை, நீர் மாத்திரை அதிகமாவது. லாக்டுலோஸ் சிரப் கொடுப்பது தினமும் 2, 3 முறை இளகலாக மலம் போவதற்கு. வயிறு போகிறதே என்று நிறுத்தினால் மயக்கம் திரும்பும். 6 முறை போகும் அளவு கொடுத்தால் நீர் வற்றி அதனாலும் மயக்கம் வரும். இந்த நிலையில் வண்டி ஓட்ட விடாதீர்கள்.

மஞ்சள் காமாலையைப் பற்றி. ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமியான பிலிருபின் ஏறக்குறைய 1 வரை இயல்பு, கண்ணில் தெரிவதற்கு 2.5, 3 ஆக வேண்டும். டியூப் லைட்டில் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைத் தூக்கினால் தெரியும் வெள்ளைப் பகுதிதான் பார்க்க வேண்டிய இடம். உள்ளங்கை மட்டும் மஞ்சளாகிக் கண் வெள்ளையாக இருந்தால் கேரட், பப்பாளி அதிகம் சாப்பிட்டதாக இருக்கும். சிறுநீர் கடும் டீ நிறத்தில் போய், இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகும் வெளுக்காமல், நுரையும் மஞ்சளாக இருந்தால் பிலிருபின். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையால் வருவது பளிச்சென்ற மஞ்சள், காசநோய் மாத்திரையால் வருவது ஆரஞ்சுச் சிவப்பு. மலம் சுண்ணாம்பு நிறமாகி, சொறி சிரங்கு எதுவும் இல்லாமல் ராத்திரியில் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் பித்தநீர் இறங்கவில்லை. அதோடு வயிற்று வலியும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால், கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. 50 வயதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறி உடம்பும் இளைத்தால் கணையத் தலைப் புற்றுநோய் இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் விடக் கூடாது.

இங்கேதான் கீழாநெல்லி வருகிறது. சென்னையில் நடந்து 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, ஹெபடைடிஸ் பி கிருமியை இது நீக்கும் என்று நம்பிக்கை தந்தது. பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். அந்தச் சமயத்தில் எதைச் சாப்பிட்டாலும் அதற்குத்தான் பெயர். ஆபத்து என்னவென்றால், கல் அடைப்பும் புற்றுநோயும் சிரோசிஸும் கண்ணில் அதே மஞ்சளைத்தான் காட்டும். எந்த வகை என்று தெரியாமல் மூன்று வாரம் பத்தியம் இருப்பதில் அந்த மூன்று வாரம் போய்விடுகிறது. பத்தியமே சிரோசிஸ்காரருக்குக் கெடுதல். அவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ராத்திரி படுக்கும் முன் பாலோ சுண்டலோ ஏதாவது சாப்பிட வேண்டும். நீண்ட வெறும் வயிறு தசையைக் கரைக்கும்.

மருந்துகளில் கவனம். காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாந்தி, பசியின்மை, மஞ்சள் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே அதே மையத்துக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் நல்ல கல்லீரலுக்கு நாளுக்கு 4 கிராம் உச்சவரம்பு, 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருப்பதை மறக்காதீர்கள். சிரோசிஸ் இருந்தால் 2 கிராம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தம் கசியவைக்கும். சீந்தில், கிரீன் டீ சாறு மாத்திரை, ஜிம்மில் விற்கும் பவுடர்கள் ஆகியவற்றால் கல்லீரல் அடிபட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

குடிப்பவர்கள் வீட்டில் இதைப் படிப்பவர்களுக்கு: 42.8 சதவீதச் சரக்கு ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினமும் 60 கிராமைத் தாண்டினால் ஆண்களுக்கு அது மதுவால் வரும் கல்லீரல் நோயின் எல்லை, பெண்களுக்கு 50. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் குடிதான் காரணம் என்று சந்தேகிக்கலாம். பல வருடம் தினமும் குடித்தவர் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் முதல் 4 நாளுக்குள் நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். குடியை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

எதற்கும் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டியவை: ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்து ஒட்டும், நாற்றமடிக்கும் மலம் (இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் இந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது), மஞ்சளோடு மயக்கமோ பிதற்றலோ, நீர் கோத்த வயிற்றில் காய்ச்சலோ வலியோ, சிறுநீர் நின்றுபோவது. எலி மருந்து வயிற்றுக்குள் போயிருந்தால், எப்படிப் போயிருந்தாலும், முதல் இரண்டு நாள் ஒன்றுமே இல்லாதது போல் இருப்பதை நம்பாதீர்கள். கல்லீரல் அதற்குப் பிறகு செயலிழக்கலாம். அந்த நிமிடமே மருத்துவமனை.

மூன்று பேருக்குத் தனி விதி. பிறந்து 14 நாளுக்கு மேலும் மஞ்சள் நீடித்து மலம் வெளுத்த குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பித்தநாள அடைப்பாக இருந்தால் அறுவை 60 நாளுக்குள் நடப்பது நல்லது. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் உள்ளங்கை அரித்தாலோ மஞ்சள் வந்தாலோ அன்றே மகப்பேறு மருத்துவர். ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்து. பள்ளி, கல்லூரி வயதில் கல்லீரல் கோளாறோடு கை நடுக்கமும் கையெழுத்துக் குலைவும் வந்தால் தாமிரம் சேரும் வில்சன் நோயைச் சோதிக்க வேண்டும், கூடப் பிறந்தவர்களையும் சேர்த்து.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஃபைப்ரோஸ்கேனில் சிரோசிஸ் என்று வந்தால், பிளேட்லெட் 1,50,000க்குக் கீழே இருப்பதால் எண்டோஸ்கோப்பியும் செய்ய வேண்டியிருக்கும். உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருந்தால் வெடிப்பதற்கு முன் மருந்தோ வளையமோ போடலாம். அதன் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், புற்றுக் கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடிக்க. சிரோசிஸ் இல்லை, கொழுப்பும் ஓரளவு தழும்பும்தான் என்று வந்தால் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதே முதல் சிகிச்சை, 80 கிலோ என்றால் 5.6 முதல் 8 கிலோ. எந்தச் சர்க்கரை மருந்து கல்லீரலுக்கும் உதவும் என்று கேளுங்கள், மருத்துவர் மாற்றித் தரலாம். போகும்போது பழைய ரத்த ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.